முகராசியும் கணக்கேடும்

(பொன்விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் எங்களுக்குக் கொடுத்த தலைப்பு ‘ஆளைக் கவரும் ஆற்றல்’. இதைப் பேச ஆலிம்கள் இருக்கிறார்கள், ஆசிரியர்கள் இருக்கிறார்கள். மேடை ஏறினால் கூட்டத்தைக் கட்டிப்போடுகிற பேச்சாளர்கள் நம் சங்கத்திலேயே நாலைந்து பேர் இருக்கிறார்கள். நாணய மாற்றுக் கடைக்காரர்களை ஏன் கூப்பிடுகிறீர்கள் என்று கேட்டோம். “நாள் முழுக்க ஆளுங்க முகத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கிறது நீங்கதானேப்பா” என்றார் குழுவில் மூத்த நானா. அதை மறுக்க முடியவில்லை.

‘நாங்கள்’, ‘எங்கள்’ என்று பேசுவதை யாரும் பெருமையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அத்தாவும் அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்துகிற கடை அது. கடைப் பேச்சில் ‘நான்’ வரக்கூடாது என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். பாலிடெக்னிக்கில் மின்சாரப் பிரிவில் டிப்ளோமா முடித்துவிட்டுத் தொழிற்சாலைக்குப் போகாமல் கடைக்கே திரும்பியதால், படிப்பையும் வியாபாரத்தையும் சேர்த்து வைத்துப் பார்க்கிற வழக்கமும் வந்துவிட்டது. அந்தப் பார்வையில் பட்டதைத்தான் இங்கே சொல்கிறோம்.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் காக்கி லீமாவை ஒட்டி நடந்தால் நாணய மாற்றுக் கடைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். எல்லாக் கடையிலும் ரேட் பலகை இருக்கிறது. சிங்கப்பூர் வெள்ளிக்கும் தாய்லாந்து பாட்டுக்கும் சவூதி ரியாலுக்கும் கடைக்குக் கடை உள்ள வித்தியாசம் புள்ளிக்குப் பின்னால் மூன்றாவது எண்ணில்தான். உம்ராவுக்குப் போகிறவர் 2,000 ரியால் வாங்கினால், ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் ஒரு தேத்தண்ணீர்க் காசு வித்தியாசம் வந்தால் அதிகம். நோட்டு எல்லாக் கடையிலும் ஒரே நோட்டுதான். அப்படியிருந்தும் பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரி ஏறி வருகிற ஒருவர், மூன்று கடையைத் தாண்டி நாலாவது கடையில் ஏறுகிறார். ஏன் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. “அந்தக் கடைல குடுத்தா மனசுக்குத் திருப்தியா இருக்கு” என்பார்.

இதைத்தான் நம் பெரியவர்கள் முகராசி என்றார்கள். மருத்துவருக்குக் கைராசி, வியாபாரிக்கு முகராசி. ‘ராசி’ என்று சொல்லிவிட்டதால் அது பிறக்கும்போதே எழுதி வைத்தது, நம் கையில் இல்லை என்ற எண்ணமும் கூடவே வந்துவிட்டது. அது முழுக்கச் சரியில்லை என்பது எங்கள் கருத்து. ஆனால் அதற்கு முன்னால் இன்னொரு சொல்லைப் பார்க்க வேண்டும். வசீகரம் என்கிறோம். வசம், வசப்படுதல், வசியம் எல்லாம் ஒரே குடும்பத்துச் சொற்கள். அடுத்தவரைத் தன் வசத்துக்குக் கொண்டுவருவது என்பதே அதன் பொருள். நாம் பாராட்டாகச் சொல்கிற சொல்லுக்குள்ளேயே ஓர் எச்சரிக்கையும் உட்கார்ந்திருக்கிறது.

இந்த வசத்துக்காக மனிதர்கள் எவ்வளவு தூரம் போகிறார்கள் என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. மலாய்க்காரர்கள் ‘சூசூக்’ என்பார்கள். பொன்னிலோ வைரத்திலோ செய்த மெல்லிய ஊசியை முகத்துத் தோலுக்கடியில் வைத்துக்கொண்டால் பார்ப்பவர் மயங்குவார் என்ற பழைய நம்பிக்கை. மார்க்க அறிஞர்கள் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வைத்துக்கொண்டவர்கள் வெளியே சொல்வதில்லை. ஆனால் பல்வலி என்று போனால் எக்ஸ்ரேயில் தாடையைச் சுற்றி ஊசிகள் வரிசையாகத் தெரிந்துவிடும். பல் மருத்துவர்கள் இதைப் பற்றி மருத்துவ இதழ்களில் கட்டுரையே எழுதியிருக்கிறார்கள். முகராசியை எக்ஸ்ரே எடுக்க முடியும் என்பது இதில் மட்டும்தான் உண்மை.

இன்னொரு பக்கம் புத்தக வைத்தியம். சௌராஸ்தா சந்தை மாடியில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றனவே, அங்கே போனால் டேல் கார்னகி 1936-இல் எழுதிய, நண்பர்களைச் சம்பாதிப்பது எப்படி என்ற புத்தகம் எப்போதும் கிடைக்கும். பெயரை நினைவில் வை, புன்னகை செய், அவரைப் பேசவிடு என்கிற வகை யோசனைகள். தவறில்லை. ஆனால் அந்த எழுத்தாளர் தன் குடும்பப் பெயரின் எழுத்துகளையே, பெரும் எஃகுச் செல்வந்தர் கார்னகியின் பெயரைப் போல மாற்றிக்கொண்டவர். கவரும் கலையைத் தன் பெயரிலிருந்தே தொடங்கியிருக்கிறார் மனிதர்.

பாலிடெக்னிக்கில் முதல் பருவத்தில் செய்த ஒரு சோதனை இங்கே உதவும். இரும்பு ஆணியில் செம்புக் கம்பியைச் சுற்றிக் கரண்ட் கொடுத்தால் அது காந்தமாகிவிடும். குண்டூசிகள் ஓடி வந்து ஒட்டும். கரண்டை நிறுத்தினால் எல்லாம் பொலபொலவென்று விழும். புத்தகத்தில் படித்த புன்னகை அந்த மின்காந்தம் மாதிரி. வாடிக்கையாளர் கண்ணாடிக்கு முன்னால் நிற்கிற வரைக்கும் கரண்ட் ஓடும். அவர் திரும்பியதும் முகம் வேறு. நிரந்தரக் காந்தம் வேறு வகை. அதற்குள் இருக்கிற துகள்கள் எல்லாம் ஒரே திசை பார்த்து நிற்கின்றன, அவ்வளவுதான். வெளியிலிருந்து யாரும் கரண்ட் கொடுக்க வேண்டியதில்லை. சூடாக்கினாலும் சம்மட்டியால் அடித்தாலும் அதுவும் வலுவிழக்கும் என்று ஆசிரியர் சொன்னது இப்போது கூடுதலாக நினைவுக்கு வருகிறது.

எங்கள் அத்தா பெரிய அழகர் இல்லை. சத்தமாகப் பேசமாட்டார். ஆனால் அவர் கல்லாவில் இருக்கிற நேரத்துக்கென்றே வந்தவர்கள் உண்டு. அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. நோட்டை வாடிக்கையாளர் கண்முன்னால் இரண்டு முறை எண்ணுவார். எந்திரம் வந்த பிறகும் எந்திரத்தில் ஒரு முறை, கையில் ஒரு முறை. பிறகு கட்டை அவர் பக்கம் தள்ளி, “எண்ணிப் பாருங்க” என்பார். பழகியவர்களுக்குக் கூச்சமாக இருக்கும். “உங்ககிட்ட எண்ணணுமா பாய்?” என்று சட்டைப்பையில் வைக்கப் போவார்கள். அத்தா விடமாட்டார். “எங்கிட்ட வாங்குறதாலதான் எண்ணச் சொல்றேன்” என்று சிரித்துக்கொண்டே நிற்பார். அவர் எண்ணி முடிக்கும் வரை அடுத்த ஆளைக் கவனிக்க மாட்டார். வரிசையில் நிற்பவர் முணுமுணுத்தாலும் சரி. சின்ன வயதில் எங்களுக்கு இது நேர விரயமாகத் தெரிந்தது. தன்மேல் உள்ள பிரியம் காரணமாக யாரும் எண்ணாமல் போய்விடக்கூடாது என்பதில் அவர் அவ்வளவு கண்டிப்பாக இருந்தார்.

நாங்கள் இன்று சொல்ல வந்த விஷயம் உண்மையில் இதுதான். வசீகரத்தின் பெரிய சக்தி அது ஆளை இழுப்பது அல்ல. இழுத்த பிறகு, கேட்க வேண்டியதைக் கேட்கவிடாமல் வாயைக் கட்டிவிடுவது. பிடித்தவரிடம் கணக்குக் கேட்க நமக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்தை அவரே முன்வந்து போக்குகிறாரா, அல்லது அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறாரா என்பதில்தான் ஒருவரின் முகராசி நல்லதா கெட்டதா என்பது தெரியும்.

கெட்டதற்கு எங்கள் தொழிலில் பஞ்சமில்லை. நன்றாக உடுத்திய வெளிநாட்டுக்காரர் ஒருவர் குடும்பத்தோடு வருவார். எந்த ஊர், பள்ளிவாசல் எவ்வளவு அழகு, பிள்ளைகள் எத்தனை என்று பேச்சு இனிக்கும். பிறகு, “உங்க நாட்டுப் பெரிய நோட்டு எப்படி இருக்கும், பாக்கலாமா?” என்பார். கட்டைக் கையில் வாங்கி, விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே திருப்பித் தருவார். சாயங்காலம் கல்லா கூட்டும்போது நோட்டு குறையும். மலாய்க்காரர்கள் இதைப் ‘புக்காவ்’ என்பார்கள், மந்திரம் போட்டு மயக்கிவிட்டான் என்று. மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. சிரித்துப் பேசுகிறவர் கையிலிருந்து கட்டை உடனே திருப்பி வாங்கி எண்ணுவது மரியாதைக் குறைவு என்று கடைப் பையன் நினைக்கிறான் பாருங்கள், அந்த அரை நிமிடம்தான் அந்த வித்தைக்காரரின் முதலீடு.

இதையே பெரிய அளவில் செய்தால் என்ன ஆகும் என்பதை 2017-இல் நம் தீவிலேயே பார்த்தோம். அந்நியச் செலாவணியில் போட்டு மாதம் 20 விழுக்காடு தருகிறோம் என்ற திட்டம். அதை நடத்தியவர் இளைஞர், எளிமையாகப் பேசுகிறவர், சாமானிய மக்களைக் காப்பாற்ற வந்தவர் என்ற பெயர். மாதம் 20 விழுக்காடு என்றால் 1,000 வெள்ளி ஒரே ஆண்டில் 8,900 வெள்ளியைத் தாண்டும். கால்குலேட்டரில் ஒரு நிமிடக் கணக்கு. அந்நியச் செலாவணியிலேயே பிழைப்பு நடத்துகிற எங்களுக்கு, அதில் கிடைக்கும் லாபம் எவ்வளவு சன்னமானது என்று தெரியும். தெரிந்தவர்களிடம் சொன்னோம். “அவரு முகத்தப் பாத்தா ஏமாத்துற ஆளு மாதிரியா இருக்கு?” என்று எங்களையே திருப்பிக் கேட்டார்கள். பணம் போன பிறகும் அவருக்காகப் பரிந்து பேசியவர்கள் இருந்தார்கள்.

அரசியலில் இந்தச் சக்தி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம் வீடுகளில் எல்லோரும் அறிந்த இரண்டு பேர். 1984 டிசம்பர் தேர்தலின்போது எம்.ஜி.ஆர். நியூயார்க்கில் புரூக்ளின் மருத்துவமனையில் படுத்திருந்தார். தொகுதிக்கு வரவில்லை, பேசவும் முடியவில்லை. ஆண்டிப்பட்டியில் அவரும் ஜெயித்தார், தமிழ்நாட்டில் அவர் கட்சியும் ஜெயித்தது. அதற்கு முன்பே நம் காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் சாகிபு, திருநெல்வேலித் தமிழர், கேரளத்தின் மஞ்சேரித் தொகுதியில் 1962, 1967, 1971 என்று மூன்று முறை நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். பிரச்சாரத்துக்கே போகாமல் ஜெயித்தார் என்று இன்றும் அங்கே பேசிக்கொள்கிறார்கள். ஊரில் இல்லாமலே ஜெயித்தவர்கள் இருவரும். ஒருவருக்கு வெள்ளித்திரை உதவியது. மற்றவருக்கு உதவியது அவருடைய எளிமையான வாழ்க்கை. இரண்டையும் ஒரே தராசில் வைக்க எங்களுக்கு மனம் வரவில்லை. எம்.ஜி.ஆர். ரசிகர்கள் இந்த மண்டபத்தில் நிறையப் பேர் என்பதும் தெரியும், அதனால் இதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

வெகுதூரம் போக வேண்டாம். நாம் கூடியிருக்கிற இந்தத் தெருவின் பெயரிலேயே ஒரு மனிதர் இருக்கிறார். ‘கெலிங்’ என்ற சொல் இன்று நம் காதுக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது. தெருவிலே யாராவது சொன்னால் சண்டைக்குப் போவோம். சாலைப் பலகையில் மட்டும் அது மரியாதையோடு நிற்கிறது. முன்பு இதற்கு இங்கிலாந்துப் பிரதமர் பெயரில் பிட் ஸ்ட்ரீட் என்று பெயர். நம் அத்தாமார் இன்னமும் பிட் ஸ்ட்ரீட் என்றுதான் சொல்கிறார்கள். பிரதமரை இறக்கிவிட்டு அந்த இடத்தில் நிற்பவர் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த வணிகர் காதர் முகைதீன்.

1801-இல் லெப்டினன்ட் கவர்னர் ஜார்ஜ் லீத் அவரைத் தென்னிந்தியர்களுக்குக் கப்பித்தானாக நியமித்தார். அந்தப் பதவி என்ன என்று யோசித்துப் பாருங்கள். 1786-இல் பிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் இறங்கினார். முறையான நீதிமன்றத்துக்கு அரசரின் சாசனம் வந்தது 1807-இல்தான். இடையில் 20 ஆண்டுக்கு மேல் ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு கப்பித்தான். கடன் தகராறு, கூலித் தகராறு, குடும்பத் தகராறு எல்லாம் அவர் வாசலுக்கு வரும். அவரிடம் பட்டாளம் கிடையாது. கப்பலிலிருந்து இறங்கிய சுமை தூக்கியும் படகோட்டியும் வியாபாரியும் சிப்பாயும் அவர் சொன்னால் கேட்டார்கள் என்றால், அது அவர் செல்வத்துக்காக மட்டும் இருக்க முடியாது. அந்த மனிதரைக் கண்டால் கேட்கத் தோன்றியிருக்கிறது. கம்பெனிக்காரனும் கேட்டான். பள்ளிவாசலுக்கென்று 18 ஏக்கர் நிலம் கிடைத்தது. இன்று ஜார்ஜ் டவுனில் 18 அடி இடம் வாங்கிப் பாருங்கள், அதன் அருமை தெரியும்.

1834-இல் அவர் மௌத்தானார். கம்போங் கோலத்தில் அடக்கம். இதுவரை நாம் பெருமையாகச் சொல்கிற பகுதி. அடுத்த பகுதியை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. அவர் காலத்துக்குப் பின் வக்ஃபு நிலத்தில் வீடுகளும் குடிசைகளும் நெருக்கியடித்து எழுந்தன. வருமானமும் செலவும் சரிவரப் பேணப்படவில்லை என்ற புகார்கள் வளர்ந்தன. கடைசியில் வெள்ளைக்காரன் தலையிட்டான். 1905-இல் முஸ்லிம், இந்து அறநிலையங்களுக்கான சட்டம் வந்தது, வாரியம் அமைந்தது, நம் பள்ளிவாசலின் வக்ஃபு அந்த வாரியத்தின் கைக்குப் போனது. அதற்குப் பிறகுதான் சுற்றிலும் இருந்த நெருக்கம் அகற்றப்பட்டு, 1910-ஐ ஒட்டி ஹென்றி நியூப்ரோனர் என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு பள்ளிவாசல் பெரிதாக்கப்பட்டு, இன்று சுற்றுலாக்காரர்கள் படம் எடுக்கிற தோற்றத்துக்கு வந்தது.

இதில் யாரையும் குறை சொல்வது எங்கள் நோக்கம் இல்லை. ஒரு மனிதரின் முகம் 18 ஏக்கரைக் கொண்டுவந்தது. ஆனால் அந்த 18 ஏக்கரை நூறு ஆண்டு காப்பாற்ற முகம் போதவில்லை. அதற்கு ஏடும் பேனாவும், கூச்சப்படாமல் கேட்கிற நாலு பேரும் வேண்டியிருந்தது. அந்த நாலு பேர் நம்மிலிருந்து வராததால் சட்டம் வெளியிலிருந்து வந்தது. மாக்ஸ் வேபர் என்ற ஜெர்மானியச் சமூக அறிஞர் (1864–1920) இதை வேறு மொழியில் எழுதியிருக்கிறார். தனிமனித ஈர்ப்பால் எழும் தலைமைக்குக் ‘கரிஸ்மா’ என்ற கிரேக்கச் சொல்லை, அதாவது அருட்கொடை என்று பொருள்படும் சொல்லை, வைத்தார். அந்த ஈர்ப்பு விதிமுறையாகவோ மரபாகவோ மாறாவிட்டால் நிலைக்காது என்பது அவர் வாதம். நம் ‘கராமத்’துக்கும் இந்தக் ‘கரிஸ்மா’வுக்கும் ஓசை ஒத்துப்போகிறது; வேர் வேறு. அவுலியாக்களின் கராமத்துக்குக் கணக்கேடு தேவையில்லை. சங்கத் தலைவர்களுக்குத் தேவை.

சரி, கணக்குக் கேட்கிறவருக்கு வசீகரம் இருக்காதா? கேள்வி கேட்கிற ஆள் என்றாலே முகத்தைச் சுளிக்கிறவர், குறை கண்டுபிடிக்கிறவர் என்று ஓர் எண்ணம் இருக்கிறது. அதற்குப் பதில் நம் ஊரிலேயே வாழ்ந்தார். ஹாஜி எஸ்.எம். முகம்மது இத்ரீஸ் அவர்கள். 1926-இல் தமிழ்நாட்டில் பிறந்து, சிறு வயதில் பினாங்குக்கு வந்து, நம்மைப் போல வியாபாரத்தில் இருந்தவர். பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு தலைவர். 2019 மே மாதம், தமது 92-ஆவது வயதில் மௌத்தானார்.

அவரை நேரில் பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். வெள்ளை ஜிப்பா, சொங்கோக், அவ்வளவுதான் அவர் அலங்காரம். அரசியல்வாதி போல் தோளில் கைபோடமாட்டார். சொல்வது காதுக்கு இனிப்பாகவும் இருக்காது. சீனியைக் குறை, சிகரெட்டை விடு, பிளாஸ்டிக்கை விடு, தேவையில்லாததை வாங்காதே. நாசி கண்டாரும் தே தாரேக்கும் பிழைப்பாக இருக்கிற ஊரில் சீனியைக் குறை என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! ஆனால் வழக்கறிஞர்கள், விஞ்ஞானிகள், பொருளாதாரம் படித்தவர்கள், சீனர், மலாய்க்காரர், தமிழர் என்று பெரிய சம்பளத்துக்குப் போயிருக்க வேண்டிய இளைஞர்கள் அவரைச் சுற்றி வந்து உட்கார்ந்தார்கள். பொருளியலாளர் மார்ட்டின் கோர் அப்படி வந்தவர். சஹாபாட் ஆலாம் மலேசியா, 1984-இல் தொடங்கிய மூன்றாம் உலக வலைப்பின்னல் எல்லாம் அந்த வட்டத்திலிருந்து பிறந்தவை. 1990-களின் தொடக்கத்தில் பினாங்கு மலையைப் பெரிய உல்லாச மையமாக்கும் திட்டம் வந்தபோது எதிர்த்து நின்றவர்களில் இவர்கள் முன்வரிசை. அந்தத் திட்டம் நின்றுபோனது. ஐ.நா. மன்றம் வரை பேசப்பட்ட விஷயங்கள் பினாங்கில் ஒரு வெள்ளை ஜிப்பாக்காரரின் மேசையிலிருந்து கிளம்பின.

என்ன காந்தம் அது? எங்களுக்குத் தோன்றுவது, அவர் மற்றவர்களுக்குக் கேள்வி கேட்கிற தைரியத்தைக் கொடுத்தார் என்பது. எடை குறைந்த அரிசிப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு வயதான அம்மா அந்தச் சங்கத்துப் படியேறலாம். “ரெண்டு வெள்ளி விஷயம், விடுங்கம்மா” என்று யாரும் சொல்லமாட்டார்கள். எழுதிக்கொள்வார்கள், கம்பெனிக்குக் கடிதம் போகும். எங்கள் வியாபாரிகளில் சிலருக்கு அந்தக் கடிதம் என்றால் கிலி. அதுவும் உண்மை. அவர் போன பிறகும் அந்தச் சங்கம் கதவைச் சாத்தவில்லை. புகாரை எழுதி வாங்கிக்கொண்டிருக்கிறது.

இப்படிப்பட்ட வசீகரம் நமக்குப் புதிதல்ல. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் மிம்பரில் நின்றபோது, எல்லோருக்கும் பங்கிட்ட துணியில் உங்களுக்கு மட்டும் இவ்வளவு நீளச் சட்டை எப்படி வந்தது என்று கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து கேட்ட வரலாறு மதரஸாவில் நாம் எல்லோரும் கேட்டது. மகனார் எழுந்து, என் பங்கை அத்தாவுக்குக் கொடுத்தேன் என்று கணக்குச் சொன்னார். பேரரசர்கள் நடுங்கிய ஒருவர் முன்னால் ஒரு சாதாரண மனிதருக்கு நா எழுந்தது என்பதைத்தான் அந்த வரலாற்றில் நாங்கள் பெரிதாகப் பார்க்கிறோம். கேட்டவரை யாரும் வெளியே அனுப்பவில்லை.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். இந்தச் சங்கம் 50 ஆண்டு நின்றதற்கு முதல் தலைமுறைப் பெரியவர்களின் முகராசிதான் காரணம் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. கட்டட நிதி என்று ஒருவர் கடை கடையாக ஏறி இறங்கினால் மாலைக்குள் பை நிறைந்த காலம் அது. அவர் கேட்டு இல்லை என்று சொல்ல யாருக்கும் வராது. அவர்களுக்கு அல்லாஹ் உயர்ந்த பதவியைத் தருவானாக. அந்தக் காலம் திரும்பாது. ஏன் என்றால், நம் பிள்ளைகளில் பாதிப் பேர் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். அவர்கள் நம் முகத்தைப் பார்த்துப் பணம் அனுப்பப் போவதில்லை, பார்க்க முடியாது. கைப்பேசியில் கணக்குப் பட்டியல் வந்தால் அனுப்புவார்கள்.

எங்கள் தொழிலிலும் இதே நிலைதான். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. கடை மறுபடி திறந்தபோது முகக்கவசம். முகராசிக்காரர்களுக்கெல்லாம் முகமே இல்லை. 2022 ஏப்ரல் 1-இல் எல்லை திறக்கும் வரை சுற்றுலாக்காரர்களும் இல்லை. அப்போது வந்தவர்கள் பழைய வாடிக்கையாளர்கள்தான், அதுவும் சிரிப்புக்காக வரவில்லை. அத்தா எண்ணச் சொன்ன கணக்கு அவர்கள் மனதில் இருந்தது. இப்போது கைப்பேசிச் செயலியிலேயே நாணயம் மாற்றிக்கொள்கிறார்கள், அங்கே முகம் என்று எதுவும் கிடையாது. இந்தத் தெருவில் நாணய மாற்றுக் கடைகள் இன்னும் எத்தனை ஆண்டு இருக்கும் என்பது எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டின்போது தினமும் வருகிற பேச்சு.

சில ஆண்டுகளுக்கு முன்னால் ஓர் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஒரு தம்பி எழுந்து, கல்வி நிதியில் மீதி எவ்வளவு என்று கேட்டார். சாதாரணக் கேள்வி. பதில் சொல்லியிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். ஆனால் மண்டபமே அவரைத் திரும்பிப் பார்த்தது. “யாரப் பாத்துக் கேக்குறே?” என்று பக்கத்திலிருந்தவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். பொறுப்பில் இருந்த பெரியவர் அப்பழுக்கற்றவர், கணக்கு சுத்தமாகத்தான் இருந்தது. அவர் வாய் திறக்கவே இல்லை, அவர்மேல் நமக்கிருந்த பிரியம் அவருக்குப் பதிலாகப் பேசிவிட்டது. அந்தத் தம்பி அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை. நல்ல கணக்கர் அவர், இன்று வேறு ஒரு சங்கத்துக்குக் கணக்கு எழுதிக்கொடுக்கிறார்.

அதனால் புதிய நிர்வாகத்துக்கு எங்கள் வேண்டுகோள் மூன்றே வரி. வரவு செலவைக் காலாண்டுக்கு ஒருமுறை அறிவிப்புப் பலகையிலும் வாட்ஸ்அப் குழுவிலும் போடுங்கள். பொதுக்கூட்டத்தில் முதல் அரை மணி நேரத்தை 30 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் கேள்விக்கு ஒதுக்குங்கள், பெண்கள் பகுதிக்கும் ஒரு ஒலிவாங்கி கொடுங்கள். நம் வீட்டுச் செலவைச் சென் கணக்கில் வைத்திருப்பவர்கள் அவர்கள்தான். அந்தத் தம்பியை யாராவது ஒரு பெரியவர் நேரில் போய் அழைத்து வாருங்கள். தொலைபேசி போதாது. இந்த விஷயத்துக்கு முகம்தான் வேண்டும்.

நேரம் முடிந்துவிட்டது என்று சீட்டு வந்திருக்கிறது. ஒன்றே ஒன்று. இந்தப் பொன்விழா மலரில் எங்கள் கடை விளம்பரமும் இருக்கிறது. அரைப் பக்கம். பணம் கட்டி மூன்று வாரம் ஆகிறது, ரசீது இன்னும் வரவில்லை. பொருளாளர் நானா முன்வரிசையில்தான் இருக்கிறார், சிரிக்கிறார். பிரியாணிக்குப் போகிற வழியில் கொடுத்துவிடுகிறேன் என்று சைகை காட்டுகிறார். நாங்கள் வாசலிலேயே நிற்கிறோம்.